பிள்ளைகள் வருமுன் அச்சு முறுக்கு

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் வந்திறங்கும் நாளில் அடுப்படியில் நிற்க வேண்டாம். டிசம்பர் 20 வாக்கிலேயே சுட்டுவிடுங்கள்.

2 கப் பச்சரிசி மாவு, முக்கால் கப் பொடித்த சர்க்கரை, 2 முட்டை, 1 டீஸ்பூன் கறுப்பு எள், சிட்டிகை உப்பு. கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு, தோசை மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரைக்கவும். சர்க்கரை கூடினால் முறுக்கு வேகுமுன்னே சிவந்துவிடும்.

சூட்சுமம் நீளக் கைப்பிடி வைத்த பூ அச்சில்தான் இருக்கிறது. புது அச்சை முந்தின இரவே அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் துடைத்து எண்ணெயில் காயவிடுங்கள். சூடான அச்சை மாவில் முக்கால் பாகம்தான் முக்கி, காய்ந்த எண்ணெயில் விட வேண்டும். விளிம்பைத் தாண்டி ஏறினால் முறுக்கு கழலவே கழலாது. அச்சு ஆறியிருந்தால் மாவு பிடிக்காது. முக்கும்போது மெல்ல ‘சுர்’ என்றால் சூடு சரி. ஒவ்வொரு முறையும் மாவை அடிவரை கலக்குங்கள், எள் அடியில் தங்கும்.

நன்றாக ஆறியபிறகே டப்பாவில் அடுக்கவும். சூட்டோடு மூடினால் நமத்துப்போகும். மார்கழிப் பனியில் திறந்து வைத்தாலும் அப்படியே.