போர்ப் பூக்களை அடையாளம் காண்பது எப்படி?

பழந்தமிழர் போரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவைச் சூடினார்கள்; வென்றவர் சூடியது வாகை. அதனால்தான் இன்றும் "வெற்றி வாகை சூடினார்" என்று எழுதுகிறோம். வாகை மரத்தைக் காட்டச் சொன்னால் பலர் தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டுவார்கள். இரண்டின் பூவும் பவுடர் பஞ்சு போல இருப்பதால் வரும் குழப்பம் இது. முதலில் நிறத்தைப் பாருங்கள்: வாகைப்பூ பச்சை கலந்த வெள்ளை, நல்ல மணம், தூங்குமூஞ்சி இளஞ்சிவப்பு. பூ இல்லாத காலத்தில் காய்தான் சாட்சி. வாகை நெற்று தட்டையாக, வைக்கோல் நிறத்தில், காற்றில் சலசலக்கும். தூங்குமூஞ்சிக் காய் கருத்து, உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும்.

கோட்டை காப்பவர் சூடிய நொச்சிக்கு ஒரே காம்பில் 3 அல்லது 5 சிற்றிலைகள். இலையின் அடிப்புறம் சாம்பல் வெளுப்பு, பூ ஊதா கலந்த நீலம். கசக்கினால் நெடி ஏறும். ஆவி பிடிக்கப் போடும் அதே இலைதான்.

முற்றுகையிடுவோரின் உழிஞையை முடக்கத்தான் என்பார்கள்: பற்றுக்கம்பியுள்ள கொடி, காற்றடைத்த பை போன்ற காய், கருவிதையில் இதய வடிவ வெள்ளைப் புள்ளி.

நேருக்கு நேர் பொருவோருக்குத் தும்பை. கணுவைச் சுற்றி உருண்டைக் கொத்தாக வெள்ளைப் பூ, கீழுதடு நீண்டிருக்கும்.

ஆநிரை (பகைவரின் மாட்டு மந்தை) கவர்வோரின் வெட்சி நம் இட்லிப்பூ, 4 இதழ். நர்சரியில் மஞ்சளும் கிடைக்கும், ஆனால் போருக்கு உரியது சிவப்பே.