தேயிலை டொஃபியில் கஃபீன் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை பலகாரம் பழக வந்த பிள்ளைகளில் ஒருத்தி ஒரு சின்னப் போத்தலை என் மேசையில் வைத்தாள். உள்ளே தார்போலக் கறுத்த தேயிலைச் சாயம். வீட்டிலேயே காய்ச்சி வற்றவைத்துக் கொண்டுவந்திருந்தாள். "இருநூறு மில்லிதான் அக்கா. ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் அளவு. டொஃபியில் ஊற்றினால் நிறமும் மணமும் நன்றாக வரும்" என்றாள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒன்பது வருடங்களுக்கு முன் இதே சொற்களை நானும் சொல்லியிருக்கிறேன்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை பக்கம் இப்போது பல வீடுகளில் தேயிலை டொஃபி, தேயிலை கேக், தேயிலை தொதல் என்று செய்கிறார்கள். நானுஓயாவிலிருந்து எல்ல வரை ரயிலில் போகிறவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது நல்ல வருமானம். அதனால்தான் இதை எழுதுகிறேன். பாகு முறுகுவது, தட்டில் நெய் தடவ மறப்பது போன்றவற்றை யாரும் ஒரு முறைக்கு மேல் செய்யமாட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத கஃபீன் கணக்கில் நடக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

முதலில் மனதில் வைக்கவேண்டிய அளவுகள். உலர்ந்த தேயிலையின் எடையில் 2 முதல் 4 சதவீதம் கஃபீன். ஒரு கிராம் தூளில் 20 முதல் 40 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன வரம்பு இது: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே தடவையில் 200 மில்லிகிராம், ஒரு நாளில் 400, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நாள் முழுவதற்கும் 200, பிள்ளைகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு 60 மில்லிகிராம்தான் எல்லை.

நீரை அளந்து தேயிலையை மறப்பது

எல்லாத் தவறுகளிலும் விலை கூடியது இதுதான். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகள்மேல் அல்ல, "ஒரு கோப்பையில் 40 மில்லிகிராம்" என்ற எண்ணை எங்கோ படித்துவிட்டு, அது எந்தக் கோப்பை, அதில் எவ்வளவு தூள் என்று சொல்லாமல் பரப்புகிறவர்கள்மேல். அந்த 40, ஏறத்தாழ 2 கிராம் தூளைச் சில நிமிடங்கள் ஊறவைத்து வடித்த சாதாரணக் கோப்பைக்கு உரியது. கோப்பையின் கொள்ளளவுக்கும் கஃபீனுக்கும் நேரடி உறவே கிடையாது.

அன்று நான் செய்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தின நாள். 50 கிராம் டஸ்ட் தேயிலையை, அதாவது பொடியான தூளை, ஒரு லீற்றர் நீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டேன். துணியில் வடித்து, சக்கையைப் பிழிந்து, மறுபடி அடுப்பில் வைத்து 200 மில்லியாக வற்றவைத்தேன். டின்பால், சீனி, பட்டர், கஜூ எல்லாம் சேர்த்து இந்தச் சாயத்தையும் ஊற்றிக் கிளறி, தட்டில் கொட்டி 30 துண்டுகளாக வெட்டினேன். கொப்பியில் கணக்கும் எழுதினேன்: சாயம் ஒரு கோப்பை, கஃபீன் 40, துண்டுகள் 30, ஒரு துண்டில் ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை. பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

சரியான கணக்கு இதுதான். 50 கிராம் தூளில் 3 சதவீதம் என்று வைத்தாலே 1500 மில்லிகிராம். நீண்ட நேரம் கொதிக்கவைத்துப் பிழிந்தால் ஏறத்தாழ எல்லாமே சாயத்தில் இறங்கிவிடும். வற்றவைக்கும்போது ஆவியாகப் போனது நீர் மட்டும்தான். கஃபீன் முழுவதும் சட்டியிலேயே நின்றது. 1500ஐ 30ஆல் வகுத்தால் துண்டுக்கு 50 மில்லிகிராம். நான் எழுதியதைவிட முப்பத்தேழு மடங்கு அதிகம்.

அக்காவின் மகனுக்கு அப்போது ஆறு வயது. எடை 20 கிலோ. ருசியாக இருந்ததால் விளையாட்டுக்கு நடுவே ஓடி ஓடி வந்து நான்கு துண்டுகள் சாப்பிட்டிருக்கிறான். 200 மில்லிகிராம், அவனுக்குரிய எல்லையின் மூன்று மடங்குக்கும் மேல். இரவு ஒன்பது மணிக்கு வாந்தி எடுத்தான். பிறகு கை நடுங்கத் தொடங்கியது. நான் மடியில் வைத்திருந்தபோது சட்டைக்கு மேலாகவே அவன் நெஞ்சு துடிப்பது என் உள்ளங்கையில் தெரிந்தது. கண்ணை மூடவே இல்லை. விடியும் முன் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து) முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "என்ன சாப்பிட்டான்?" என்று டொக்டர் கேட்டபோது நான் "டொஃபி மட்டும்தான்" என்றேன். இரண்டாம் முறை கேட்டபோதுதான் "தேயிலை போட்ட டொஃபி" என்று வாயில் வந்தது. அவர் உடனே எத்தனை கிராம், எத்தனை துண்டு என்று கேட்டார். அந்த இடத்தில் நின்றுதான் நான் முதல் தடவையாகச் சரியான கணக்கைப் போட்டேன். பிள்ளை அன்று மாலையே தெளிந்துவிட்டான். அதே தட்டில் மூன்று துண்டுகளை என் மதினியும் சாப்பிட்டிருந்தார். அவர் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. துண்டுகளில் 150, அதற்குமேல் வழக்கமாகக் குடிக்கும் தேத்தண்ணீர் வேறு. அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

நம் அம்மாமார்களுக்கு இந்த உண்மை நன்றாகத் தெரியும். மழை நாளில் மடுவத்தில், அதாவது தோட்டத்துக் கொட்டகையில், கொழுந்து நிறுக்கும்போது நீருக்கென்று கிலோ கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில் எத்தனையோ சண்டைகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் நீருக்குள் தேயிலை இல்லை என்பதில் இரு பக்கத்திற்கும் சந்தேகம் இருந்ததில்லை. சட்டியிலும் அதேதான். ஒரு லீற்றர் சாயமாக இருந்தாலும், கரண்டியளவு களியாக வற்றினாலும், நீங்கள் போட்ட தூள் எத்தனை கிராமோ அதுதான் கணக்கு.

ஆகவே, சாயத்தை மில்லியில் அளந்து கஃபீனைக் கணக்கிடாதீர்கள். காய்ச்சுவதற்கு முன் உலர்ந்த தூளை நிறுங்கள். ஒரு கிராமுக்கு 40 மில்லிகிராம் என்று மேல் எல்லையைப் பிடியுங்கள். சக்கையில் கொஞ்சம் தங்கியிருக்கும் என்று கழிக்காதீர்கள். வந்த தொகையைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். இப்போது நான் ஒரு தட்டுக்கு 15 கிராம் தூளுக்குமேல் போடுவதில்லை. 15ஐ 40ஆல் பெருக்கினால் 600. முப்பது துண்டுகளுக்குத் துண்டொன்றுக்கு 20 மில்லிகிராம். மணம் குறைகிறது என்று தோன்றினால் ஏலக்காய் சேர்க்கிறேன், தூளைக் கூட்டுவதில்லை.

அந்தப் பெண் கொண்டுவந்த போத்தலுக்கும் சேர்ந்து கணக்குப் போட்டோம். அவள் போட்டது 60 கிராம் தூள். மேல் எல்லையில் 2400 மில்லிகிராம். எழுதிய பேனாவை அவள் கொஞ்ச நேரம் கீழே வைக்கவே இல்லை. பிறகு போத்தலைத் தானே எடுத்துப் போய்த் தொட்டியில் ஊற்றினாள்.

கரண்டியால் அளப்பது

டஸ்ட் நெருக்கமாகப் படியும். பெரிய இலைத் தேயிலை இடைவெளிவிட்டு நிற்கும். ஒரே கரண்டியில் இரண்டையும் அள்ளினால் டஸ்ட் கனமாக இருக்கும். பதினைந்து கிராம் தட்டில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. பத்தில் ஒரு பங்கு கிராம்வரை காட்டும் சிறிய மின்தராசு ஒன்றை வாங்குங்கள். முதல் இரண்டு தட்டு டொஃபி விற்ற காசை அதற்குக் கொடுத்தாலும் தகும்.

வெளிறிய நிறத்தை நம்புவது

"இது பச்சைத் தேயிலை, இதில் கஃபீன் இல்லை" என்று சொல்லி விற்பதை நான் கேட்டிருக்கிறேன். இருக்கிறது. கறுப்பு, பச்சை, வெள்ளை எல்லாம் ஒரே செடியின் கொழுந்து. தேத்தண்ணீருக்குச் சிவந்த நிறம் கொடுப்பது இலை நொதிக்கும்போது உண்டாகும் பொருட்கள். கஃபீனுக்கு நிறமே கிடையாது. செடியில் கஃபீன் அதிகமாகச் சேர்வது முனை மொட்டிலும் அதை அடுத்த இளம் இலையிலும்தான். ஆகவே வெள்ளி முனை என்று விலை கூட்டி விற்கும் வெளிறிய தேயிலையில் கஃபீன் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வீட்டில் வறுத்த கொழுந்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சொல்: பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். பச்சையாக நிறுத்த எடையை உலர்ந்த தூளின் கணக்கில் போட்டால் எண் தலைகீழாகிவிடும். உலர்த்திய பிறகு நிறுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு நம்பிக்கை, தேயிலையில் இருப்பது கஃபீன் அல்ல, "தேயின்", அது மென்மையானது என்பது. 1827இல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தபோது அந்தப் பெயரைச் சூட்டினார்கள். 1838இலேயே இரண்டும் ஒரே பொருள் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பெயர் மட்டும் இன்னும் பொட்டலங்களில் சுற்றுகிறது.

அடுப்புச் சூட்டில் போய்விடும் என்று நினைப்பது

போகாது. கஃபீன் உருகுவதற்கே 235 பாகை செல்சியஸ் வேண்டும். டொஃபிப் பாகு 120 பாகையை ஒட்டி நிற்கும். கேக்கின் நடுப்பகுதி 100ஐத் தாண்டுவதில்லை.

நெய்யில் ஊறவைப்பது

தேயிலையை நெய்யிலோ பட்டரிலோ சூடாக்கி வடித்து, "சத்தெல்லாம் நெய்யில் இறங்கிவிட்டது" என்று கணக்கிடுகிறார்கள். கஃபீன் சூடான நீரில் தாராளமாகக் கரையும். கொழுப்பில் அப்படிக் கரையாது. வடித்த நெய்யில் மணம் வரும், கஃபீன் கொஞ்சமே வரும். ஆனால் வடிக்காமல் தூளோடு நெய்யைச் சேர்த்தால் தின்பவர் முழுத் தூளையும் தின்கிறார். அப்போது முழுக் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, வடிக்காத நெய்க்கு வடித்த நெய்யின் எண்ணைப் போடுவதைத்தான் அடிக்கடி காண்கிறேன்.

சரியாகக் கலக்காமல் வகுப்பது

முப்பதால் வகுத்த எண் சரியாக வேண்டுமானால் முப்பது துண்டிலும் தூள் ஒரே மாதிரி பரவியிருக்கவேண்டும். சூடான பாகில் உலர்ந்த தூளை அப்படியே தூவினால் கட்டி கட்டியாகச் சேரும். ஒரு முறை வெட்டிய துண்டின் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூலையில் மிளகளவு கறுப்புக் கட்டி, மற்ற இடமெல்லாம் வெளிறிய பால் நிறம். தூளை மாவுச் சல்லடையில் சலித்து, நான்கு மேசைக்கரண்டிச் சீனியோடு முதலில் உலர்வாகவே கலந்துகொள்ளுங்கள். பாகு இறுகத் தொடங்கும் முன் அதை இரண்டு மூன்று தடவையாகச் சேர்த்து, சட்டியின் அடியைச் சுரண்டிக் கிளறுங்கள். சாயமாக ஊற்றுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

துண்டுகளைக் கண்ணளவில் வெட்டுவது

720 கிராம் தட்டில் 600 மில்லிகிராம் என்றால் 24 கிராம் துண்டில் 20. 36 கிராம் மூலைத் துண்டில் 30. ஓரத்தை அளந்து வெட்டுங்கள்.

ஒன்றும் செய்யவில்லையே என்று இன்னொன்று எடுப்பது

கஃபீன் இரத்தத்தில் உச்சம் அடைய கால் மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம்வரை ஆகலாம். வயிறு நிறைந்திருந்தால் தாமதமாகும். பாதி வெளியேறப் பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இது இரண்டு மூன்று மடங்கு நீளும். மாலை ஐந்து மணிக்குத் தின்றதில் பாதி இரவு பத்து மணிக்கும் உடலில்தான் இருக்கிறது.

குடிக்கும் தேத்தண்ணீரைச் சேர்க்காமல் விடுவது

காலை, பத்து மணி, மாலை என்று குடிக்கும் கோப்பைகள்: அவையும் ஒரு நாளுக்குரிய அதே 400 மில்லிகிராமுக்குள்தான்.

சோறு தின்ற கையோடு கொடுப்பது

இது கஃபீனைப் பற்றியது அல்ல. தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் கீரை, பருப்பு போன்றவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. கொழுந்து பறிக்கும் பெண்களில் இரத்தச் சோகை உள்ளவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுக்குத் தேயிலைப் பலகாரம் கொடுப்பதானால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

பொட்டலத்தில் எழுதாமல் விற்பது

என்னிடம் பழகிய பிள்ளைகள் இதை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறேன். ரயிலில் வாங்குகிறவர் அதைத் தன் பிள்ளையின் கையில்தான் முதலில் கொடுப்பார். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நான் ஒட்டும் துண்டில் இருப்பது இவ்வளவுதான்: "தேயிலை சேர்த்தது. ஒரு துண்டு 24 கிராம். கஃபீன் 20 மில்லிகிராம்வரை. சிறுவர்களுக்கு வேண்டாம். கர்ப்பிணிகள் அன்று குடித்த தேநீரையும் சேர்த்துக் கணக்கிடவும்."