போட்டோவைக் கோட்டோவியமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறையில் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் தன் அம்மிச்சியின் போட்டோவைக் கொண்டுவந்தான். எண்பது வயதைக் கடந்த முகம், காதில் தண்டட்டி, வெற்றிலை போட்ட சிரிப்பு. ஜிம்ப் என்ற இலவசப் பட எடிட்டிங் மென்பொருளில் அதைக் கோட்டோவியமாக மாற்றி, ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று ஆசை. யூடியூப் பார்த்து அவனே ஒருமுறை செய்தும் பார்த்திருக்கிறான். "அண்ணா, அம்மிச்சி மூஞ்சி பூரா கோடா இருக்கு. கண்ணையே காணோம்" என்றான்.

அவன் செய்த தவறைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்கிறார்கள். படத்திலிருந்து கோடு எடுக்கும் ஃபில்டருக்கு முகம் தெரியும் என்று நம்பிவிடுகிறோம். அதற்குக் கண், மூக்கு, தண்டட்டி எதுவும் தெரியாது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில், அதாவது படத்தின் மிகச் சிறு புள்ளிகளில், வெளிச்சம் எங்கே சட்டென்று மாறுகிறதோ அங்கே கோடு போடும், அவ்வளவுதான். 1968-இல் உருவான சோபெல் முறையும் இதையே செய்தது. இன்றும் ஜிம்ப்பின் எட்ஜ் ஃபில்டரைத் திறந்தால் அந்தப் பெயர் பட்டியலில் இருக்கும். கன்னச் சுருக்கத்தில் நிழல் அழுத்தமாக விழுந்தால் அங்கே தடித்த கோடு வரும். நரைத்த புருவமும் நெற்றியும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் அங்கே கோடே வராது. ஆகவே வேலை ஃபில்டரில் தொடங்குவதில்லை, படத்தைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது.

உச்சி வெயிலில் எடுத்த படம் இதற்கு ஆகாது. கண்குழியில் நிழல் அப்பி, கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டு விழும். திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ, ஒரு பக்கத்திலிருந்து மென்மையாக வெளிச்சம் வரும் இடத்தில் எடுத்த படம்தான் நன்றாக வரும். பின்னணியையும் கவனியுங்கள். கறுத்த கூந்தலுக்குப் பின்னால் இருட்டுக் கதவு இருந்தால் தலையின் விளிம்பை எந்த ஃபில்டராலும் கண்டுபிடிக்க முடியாது. வெளுத்த வானத்துக்கு முன்னால் நிற்கும் எங்கள் ஊர்ப் பனைமரத்தைக் கைப்பேசியில் எடுத்து முயன்று பாருங்கள், முதல் முயற்சியிலேயே அழகாக வரும். அதே பனையைத் தோப்புக்குள் நின்று, பின்னால் நூறு ஓலைகள் தெரிய எடுத்தால் வெறும் கிறுக்கல்தான் மிஞ்சும்.

அடுத்தது, வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே எடுத்து வேலை செய்வது. போட்டோக்களைச் சேமிக்கும் ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. நிறையச் சுருங்கிய படத்தில் அந்தச் சதுரங்களின் ஓரங்களும் வெளிச்ச மாற்றம்தானே? ஃபில்டர் அவற்றையும் நேர்மையாகக் கோடாக வரைந்துவிடும். கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் காரணம் இதுதான். அசல் படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலுக்கும் இதே கதிதான். கோடு எடுப்பதற்கு முன் ஃபில்டர்ஸ் மெனுவில் பிளர் பகுதியிலுள்ள செலக்டிவ் காஸியன் பிளரை லேசாகக் கொடுங்கள். சாதாரண காஸியன் பிளர் இரைச்சலோடு விளிம்பையும் கலைத்துவிடும். இது விளிம்பை விட்டுவிட்டுத் தோலை மட்டும் மழுங்கச் செய்யும்.

கோடு எடுக்க நான் பெரும்பாலும் பயன்படுத்துவது எட்ஜ் டிடெக்ட் பகுதியிலுள்ள டிஃபரன்ஸ் ஆஃப் காஸியன்ஸ். பெயர் பயமுறுத்தினாலும் சங்கதி எளிது. படத்தை இரண்டு அளவில் மழுக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். மிச்சம் நிற்பது விளிம்பு. மழுக்கும் அளவைச் சொல்லும் இரண்டு ரேடியஸையும் ஒரே எண்ணாக வைத்தால் கழித்து ஒன்றும் மிஞ்சாது, படம் வெறுமையாகிவிடும். இதைப் பார்த்து மென்பொருளில் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் ரேடியஸைப் பெரிதாகவும் இரண்டாவதைச் சிறிதாகவும் வைத்தால் பென்சில் வரைவு மாதிரி வரும். கறுப்பில் வெள்ளைக் கோடாக வந்தால் கலர்ஸ் மெனுவில் இன்வர்ட், அப்புறம் கறுப்பு-வெள்ளை அழுத்தத்தைச் சரிசெய்யும் லெவல்ஸ்.

வீடியோவில் சொல்லும் எண்ணை அப்படியே போடுவதும் ஏமாற்றம் தரும். ரேடியஸ் பிக்சல் கணக்கு. 1000 பிக்சல் அகலப் படத்தில் அழுத்தமாகத் தெரிந்த கோடு, 4000 பிக்சல் படத்தில் முடி மாதிரி மெலிந்துவிடும். முதலில் முடிவான அளவுக்குப் படத்தை மாற்றிவிட்டு, பிறகு ஃபில்டரைத் தொடுங்கள். அச்சிடப் போகிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 தாள் என்றால் 2480-க்கு 3508 பிக்சல். அதில் 2 பிக்சல் கோடு 0.17 மில்லிமீட்டர்தான். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அழகாக இருக்கும், சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்றால் காணாமல் போகும். டி-ஷர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்ட் போடுபவர்கள் இதைவிடத் தடித்த கோடு கேட்பார்கள்.

லெவல்ஸுக்குப் பதில் நேராகத் த்ரெஷோல்டுக்குப் போவது இன்னொரு பழக்கம். அது ஒவ்வொரு பிக்சலையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று தீர்த்துவிடுவதால் கோட்டின் ஓரம் ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும். கறுப்பு-வெள்ளைதான் வேண்டும் என்றால் இரண்டு மடங்கு அளவில் செய்து, கடைசியில் பாதியாகக் குறையுங்கள். ஓரம் வழுவழுப்பாகும்.

கோட்டை அசல் வண்ணப் படத்தின் மேல் வைக்க, வெள்ளையை அழிப்பானால் தேய்க்கிறார்கள். வேண்டாம். கோடு இருக்கும் லேயரின் (மேலே வைத்த அடுக்கின்) மோடை மல்டிப்ளை என்று மாற்றினால் வெள்ளை தானாக மறையும். அசல் லேயரை டூப்ளிகேட் எடுக்காமல் தொடவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0-வில் போட்ட ஃபில்டரைப் பிறகும் திறந்து திருத்தலாம், ஆனால் ஜிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமித்தால்தான் அந்த வசதி நிற்கும்.

ஆளை வெட்டி எடுத்துச் சுற்றிலும் வெள்ளைக் கரை போடும் ஸ்டிக்கர் பாணி வேறு வகை. வெட்டிய லேயரில் ஆளின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆல்ஃபா டு செலக்‌ஷன், பிறகு அந்தத் தேர்வை வெளியே விரிக்கும் குரோ, கீழே புது லேயரில் நிறம் நிரப்புவது. புது லேயர் ஆளின் அளவுக்கே சிறிதாக இருந்தால் கரை தலைக்கு மேல் வெட்டுப்பட்டு நிற்கும். லேயர் டு இமேஜ் சைஸ் கொடுத்தால் சரியாகிவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். எந்தக் கோட்டை வைத்துக்கொள்வது? எங்கள் பாலக்காட்டு பகவதி கோயில்களில், கம்பராமாயணப் பாட்டோடு கூத்துமாடம் என்ற தனி மேடையில் ஆடும் தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தோலில் துளையிட்டுச் செதுக்கிய பாவை அது. பின்னால் 21 விளக்குகளின் ஒளி அந்தத் துளைகள் வழியே வந்துதான் இராமனின் கிரீடமும் கண்ணும் திரையில் வெள்ளைக் கோடாகத் தெரிகின்றன. ஆள் யாரென்று காட்டத் தேவையான கோடு மட்டும் அங்கே இருக்கும். நானும் எல்லாப் படத்தையும் இன்வர்ட் செய்வதில்லை. சில முகங்கள் கறுப்பில் வெள்ளைக் கோடாகத்தான் உயிரோடு இருக்கின்றன.

அம்மிச்சியின் படத்தில், அழிக்காமலே மறைக்க உதவும் லேயர் மாஸ்க் போட்டு, கன்னத்துக் கோடுகளில் பாதியை மென்மையான பிரஷ்ஷால் மறைத்தோம். முழுக்க மறைக்கவில்லை, மறைத்தால் அது அவர் முகமே இல்லை. கண்ணின் மேலிமையையும் நரைத்த புருவத்தையும் தனி லேயரில் கையால் வரைந்தோம். தண்டட்டியின் கோடுகளை மட்டும் ஒன்றுகூட அழிக்க வேண்டாம் என்று தம்பி சொன்னான். அப்படியே விட்டோம்.