பூ மழைக்குக் காத்திருப்போர் வானிலைக் கணிப்பில் செய்யும் தவறுகள்

பிப்ரவரி முடியும்போது சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் ஒரே கேள்விதான்: காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் கோடை மழையான பூ மழை எப்போது? மார்ச், ஏப்ரலில் 25 மி.மீ. மழை ஒன்று சேர்ந்தாற்போல் விழுந்தால் எட்டு, பத்து நாளில் அரபிகா வகைக் காப்பி பூத்துவிடும். ஐந்தாறு மி.மீ. தூறலோடு நின்றுபோனால் மொக்கு அரைகுறையாக விரிந்து கருகும்.

இந்த நேரத்தில் கைபேசிச் செயலியின் 45 நாள் பட்டியலைப் பார்த்து, மழைக்குப் பதிலாக ஸ்பிரிங்க்ளரில் நீர் தூவுவதைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. 'மார்ச் 22, மழை' என்று அது அடித்துச் சொல்லும். பத்து நாளைத் தாண்டிய தேதிவாரிக் கணிப்புக்கு வலுவே கிடையாது. கோடை மழை, மதிய வெயிலில் சூடேறிய காற்று மலைச்சரிவில் மேலேறி ஓரிரு மணி நேரத்தில் திரளும் இடிமேகம். ஏற்காட்டில் ஒண்டிக்கடையில் கொட்டும்போது அதே மலையின் நாகலூர் காய்ந்து கிடக்கும். அடுத்த மாதத்து மேகம் எந்தத் தோட்டத்தின் மேல் திரளும் என்பது எந்தக் கணினிக்கும் பிடிபடாது.

வானிலை ஆய்வுத் துறை சில மாதங்களுக்குச் சேர்த்துச் சொல்லும் பருவக் கணிப்பு வேறு வகை. அதையும் தப்பாகப் படிக்கிறார்கள். 'இயல்பைவிட அதிக மழைக்கு 45% வாய்ப்பு' என்றால் மழை உறுதி என்று அர்த்தமில்லை. குறைவு, இயல்பு, அதிகம் என மூன்று பங்கு. எதுவுமே தெரியாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் 33% உண்டு. 45 என்பது லேசான சாய்வு; மீதி 55% இயல்பு அல்லது குறைவு பக்கம். அதோடு, மார்ச் மாத இயல்பு மழையே சொற்பம். மாதக் கடைசியில் ஒரே நாள் இடிமழை பெய்தாலும் கணக்கில் 'அதிகம்' என்று ஏறிவிடும். அதற்குள் மொக்கு காய்ந்திருக்கலாம்.

பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ என்றதும் பூ மழை பொய்க்கும் என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. எல் நினோ தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கப் பார்க்கும், நமக்கு வடகிழக்குப் பருவமழையைப் பெரும்பாலும் கூட்டும். கோடை இடிமழையை அதை வைத்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, மார்ச் முதல் மே வரை வெளியாகும் எல் நினோ கணிப்புகள்தான் ஆண்டிலேயே அதிகம் தவறுபவை. ஐரோப்பாவில் 2018 பிப்ரவரியில் வட துருவத்தின் மேல் உயரத்திலுள்ள காற்று அடுக்கு (அடுக்குமண்டலம்) திடீரெனச் சூடேறியதை வைத்து, மாதக் கடைசியில் வரவிருந்த கடுங்குளிரையும் பனிப்பொழிவையும் முன்கூட்டியே ஊகிக்க முடிந்தது. நம் மலைக்கு அப்படி ஒரு பிடி இல்லை.

சேலத்துக் கணிப்பை ஏற்காட்டுக்கு அப்படியே எடுப்பதும் வேண்டாம். உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர், கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் மேலே வெப்பநிலை ஏறக்குறைய 8 டிகிரி குறையும். பருவக் கணிப்பைப் போடும் கணினி மாதிரி நிலப்பரப்பைப் பிரிக்கும் கட்டங்களில் ஒன்று ஏறத்தாழ 38 கி.மீ. அகலம், அதற்குள் நகரமும் மலையும் சேர்ந்தே அடங்கிவிடலாம்.

பருவக் கணிப்பை டீசல், பம்பு, குட்டை நீர் ஏற்பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வியாழன்தோறும் வரும் நான்கு வாரக் கணிப்பில் முதல் இரண்டு வாரத்தைப் பாருங்கள். தண்ணீர் திறக்கும் முடிவை ஐந்து நாள் கணிப்பில் எடுங்கள். ஓர் ஏக்கருக்கு 25 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். நாலு ஏக்கருக்குக் குட்டையில் நாலு லட்சம் இல்லையென்றால், இருக்கிற நீரை எல்லா ஏக்கருக்கும் தூவித் தூறலாக்காமல், மொக்கு முற்றிய பகுதிக்கு மட்டும் முழு அளவும் கொடுங்கள். தோட்டத்து மழைமானியைத் தினமும் காலை 8.30-க்குப் படியுங்கள், துறையின் அளவீடும் அதே நேரத்துக்குத்தான்.