ஏ.எஸ்.5600 காந்தக் கோண சென்சார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுழலும் தண்டின் நுனியில் பொருத்திய காந்தத்தைக் கொண்டு தண்டின் கோணத்தை அளக்கும் சிப் ஏ.எஸ்.5600; ஒரு முழுச்சுற்றை 4096 பங்குகளாகப் பிரித்து எண்ணாகச் சொல்லும். காந்தம் அருகில் இல்லாதபோதும், அதனிடம் கோணத்தைக் கேட்டால் 0 முதல் 4095 வரையிலான ஏதோ ஓர் எண் வந்துவிடும். அந்த எண்ணை அப்படியே நம்புவதிலிருந்துதான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன. காந்தம் தென்படுகிறதா, அதன் புலம் மிகையா, குறைவா என்பதை நிலைப் பதிவகத்தின் (சிப் தன் நிலையைக் குறித்துவைக்கும் நினைவிடம்) மூன்று பிட்டுகள் சொல்லும் என்பதால், கோணத்துக்கு முன் அவற்றைப் படிப்பதே முறை.

கடையில் கிடைக்கும் சாதாரண வட்டக் காந்தம் இதற்கு உதவாது. அதில் வடதுருவம் ஒரு முகத்திலும் தென்துருவம் மறுமுகத்திலும் இருக்கும். இங்கே தேவைப்படுவதோ, விட்டத்தின் இருபுறமும் துருவங்கள் அமைந்த காந்தம். அதைச் சிப்பின் மையத்துக்கு நேராக, பொதுவாக 0.5 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியில், சிப்பின் பரப்பில் 30 முதல் 90 மில்லிடெஸ்லா புலம் கிடைக்கும்படி நிறுத்த வேண்டும். இரும்புத் தண்டின் நுனியில் நேரடியாக ஒட்டினால் புலத்தின் ஒரு பகுதியை இரும்பே வாங்கிக்கொள்ளும் என்பதால், இடையில் பித்தளை அல்லது பிளாஸ்டிக் பிடிப்பான் வைப்பது நல்லது.

மின்சாரத்தைச் சேமிக்க முனையும்போது நிகழும் தவறுகள் இவற்றைவிட நுட்பமானவை. சாதாரண நிலையில் 6.5 மில்லிஆம்பியர் வரை எடுக்கும் இந்தச் சிப், மிகக் குறைந்த மின்சாரம் எடுக்கும் மூன்றாம் சேமிப்பு நிலையில் 1.5 மில்லிஆம்பியருக்குள் அடங்கிவிடுகிறது; ஆனால் அப்போது 100 மில்லிவிநாடிக்கு ஒரு முறைதான் கோணத்தை அளக்கிறது. தண்டு எத்தனை சுற்று சுற்றியது என்பதை, சிப்பைப் படிக்கும் சிறு கணினியான மைக்ரோகண்ட்ரோலரில் கணக்கிடுவோர் இதைக் கவனிப்பதில்லை. இரு அளவீடுகளுக்கு இடையே தண்டு அரைச்சுற்றைத் தாண்டினால் எந்தத் திசையில் சுழன்றது என்பதே தெரியாமல் போகும். ஆகவே இந்த நிலையில் நிமிடத்துக்கு 300 சுற்று என்பது ஏட்டளவிலான எல்லை, நடைமுறையில் அதில் பாதியைக்கூட நான் நம்பமாட்டேன். மைக்ரோகண்ட்ரோலர் எவ்வளவு வேகமாகக் கேட்டாலும் பயனில்லை, பழைய எண்ணே திரும்ப வரும்.

1.5 மில்லிஆம்பியர்கூட நாளொன்றுக்கு 36 மில்லிஆம்பியர்-மணி ஆகிறது. நாணய வடிவ பேட்டரியில் இதை ஓட்ட நினைப்பவர்கள், 3.3 வோல்ட் இணைப்பில் இந்தச் சிப்புக்குக் குறைந்தது 3 வோல்ட் வேண்டும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். எப்போதாவது ஒரு முறை அளந்தால் போதுமென்றால் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) மூலம் மின்னிணைப்பையே துண்டிப்பது சிறந்தது. அப்படிச் செய்யும்போது சிப்பும் மைக்ரோகண்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் ஐ2சி கம்பிகளை மின்வழங்கலுடன் இணைக்கும் மேலிழு மின்தடைகளையும் துண்டிக்கப்படும் பக்கத்திலேயே இணைக்காவிட்டால், அவற்றின் வழியாக மின்சாரம் சிப்புக்குள் கசிந்துகொண்டிருக்கும். மீண்டும் மின்சாரம் கொடுத்தபின் சிப் விழித்தெழச் சில மில்லிவிநாடிகள் விட்டுத்தான் படிக்க வேண்டும். சேமிப்பு நிலை உள்ளிட்ட அமைப்புகளையும் புதிதாக எழுத வேண்டும்.

எந்தப் பக்கம் சுழன்றால் கோணம் கூட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் திசை முனையை எதனுடனும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டால் கோணம் காரணமின்றித் தாவும். தரையுடனோ மின்வழங்கலுடனோ அதை இணைத்துவிடுங்கள். சராசரி எடுக்கும்போது 4095க்கு அடுத்தது 0 என்பதை மறந்தால், 4090க்கும் 6க்கும் சராசரியாக 2048 என்ற நேர் எதிர்த்திசை கிடைக்கும்.

அமைப்புகளைச் சிப்பில் நிரந்தரமாகப் பதிக்கும் கட்டளையைச் சோதனைக் காலத்தில் நிரலில் வைக்கவே கூடாது. தொடக்கக் கோணத்தை மூன்று முறை வரை பதிக்கலாம். மற்ற அமைப்புகளுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான்; அவற்றில் கோண வீச்சின் அளவை, தொடக்கக் கோணம் அதற்குமுன் பதிக்கப்படாமல் இருந்தால் மட்டுமே பதிக்க முடியும்.