தற்காப்புக்குச் சுட்ட துப்பாக்கி போலீஸிடமிருந்து திரும்பி வந்த விதம்

அமெரிக்காவில் வசிக்கிறேன். இரவில் கதவை உடைத்து உள்ளே வந்தவனைத் தடுக்கச் சுட வேண்டியதாயிற்று. அவன் பிழைத்துக்கொண்டான், அது எனக்குப் பெரிய ஆறுதல். துப்பாக்கியைப் போலீஸ் சாட்சியப் பொருளாக எடுத்துச் சென்றது. அது நியாயம்தான். தோட்டாவும் அதன் வெற்று உறையும் அதிலிருந்து வந்தவைதானா என்று ஆய்வகம் ஒப்பிட்டால்தான் என் வாக்குமூலமும் நிற்கும்.

நம் மீது வழக்கு இல்லை என்றதும் துப்பாக்கி கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே வந்தவன் மீது வழக்கு நடந்தால் அதற்கும் அது சாட்சியம். மேல்முறையீடு முடியும் வரைகூட வைத்திருப்பார்கள். என் விஷயத்தில் அதெல்லாம் முடிந்த பிறகும் சாட்சிய அறையில் "அனுமதி வரவில்லை" என்றே சொன்னார்கள். அங்கே இருப்பவர்களைக் கோபித்துப் பயனில்லை. விசாரணை அதிகாரியோ அரசு வழக்கறிஞரோ எழுதித் தந்தால்தான் அவர்கள் பொருளை விட முடியும்.

அதனால் என் வழக்கறிஞர் மூலம் அவர்கள் இருவருக்கும் கடிதம் அனுப்பினேன். கைப்பற்றியபோது தந்த ரசீதின் எண், துப்பாக்கியின் வரிசை எண், வழக்கு முடிந்ததற்கான நீதிமன்ற நகல் எல்லாம் அதில் இருந்தன. மறுத்தால் பொருளைத் திரும்பக் கேட்டு நீதிமன்றத்தில் மனு போடுவோம் என்றும் எழுதினோம். அதற்குத் தேவை வரவில்லை, விடுவிப்பு ஆணை வந்தது. அப்புறம், துப்பாக்கி வைத்திருக்க எனக்குச் சட்டத் தடை ஏதும் உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனை ஒன்று. துப்பாக்கியைக் காலியாகவும் தோட்டாக்களைத் தனியாகவும் கொடுத்தார்கள்.

ஈரம் இரும்பை அரிக்கும். துப்பாக்கிக் குழாயில் துரு இருந்தது. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகே அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.