ஃபைபர் படகும் தண்ணீர் குடிக்கும்: பழசு வாங்கும்போது செய்யும் தவறுகள்

கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து வெயிலில் காயப் போடுவார்கள். மரம் தண்ணீர் குடிக்கும், குடித்தால் கனக்கும் என்பது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அதே ஆட்கள் பழைய ஃபைபர் படகு வாங்கப் போகும்போது மட்டும், "ஃபைபர்தானே, என்ன ஆகிவிடப் போகிறது" என்று மோட்டாரை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டுவிட்டு, அங்கேயே முன்பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஃபைபர் மக்காது, உண்மைதான். ஆனால் படகு முழுக்க ஃபைபர் இல்லையே. மோட்டார் மாட்டுகிற பின்பலகையைப் பாருங்கள், பெரும்பாலான பழைய படகுகளில் அது இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே வைத்து மூடிய பிளைவுட். இஞ்சின் உட்காரும் கட்டைகள், சில படகுகளில் குறுக்குச் சட்டங்கள், மேல்தட்டுக்கு அடியில் கொடுத்திருக்கும் பலகை, இவையும் மரம்தான். ஒரு போல்ட் ஓட்டை சரியாக அடைபடாமல் இருந்தால் போதும், அது வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். போன தண்ணீர் வெளியே வர வழி கிடையாது. கட்டுமரத்தையாவது பிரித்துக் காய வைக்கலாம், ஃபைபர் உறைக்குள் மாட்டிக்கொண்ட மரத்தை என்ன செய்வீர்கள்?

இதில் பலரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு சங்கதி உண்டு. மரத்தை மக்க வைப்பது பூஞ்சை, அதற்கு உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் ரொம்பப் பிடிக்கும். அதனால் தினமும் கடலுக்குப் போய்வரும் படகைவிட, இரண்டு மூன்று வருஷமாகக் கரையில் மூடாமல் கிடந்து, ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் வாங்கி, உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கிற படகைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும். "அதிகம் ஓடாத படகு சார்" என்று விற்பவர் சொன்னால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே கிடந்தது, எப்படிக் கிடந்தது என்று கேளுங்கள்.

பெயிண்டைப் பார்த்து மயங்குவது அடுத்த தவறு. படகு முழுக்கப் புதுப் பெயிண்ட் என்றால்கூடப் பரவாயில்லை. பின்பலகையின் உள்பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தால் அங்கே ஏதோ மறைகிறது. போல்ட் ஓட்டையைச் சுற்றி டீத் தண்ணீர் நிறத்தில் கறை இறங்கியிருக்கிறதா, வாஷர் பலகைக்குள் அமுங்கியிருக்கிறதா, பின்பலகையும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் முடி போல விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் தண்ணீர் வடிய விடும் ஓட்டை. தக்கையைப் பிடுங்கிவிட்டு விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். பல படகுகளில் அந்த ஓட்டைக்குள் பிளைவுட் விளிம்பு வெறும் மரமாக அப்படியே இருக்கும், ஃபைபரை ஒட்ட வைக்கும் ரெசின் பசைகூடப் பூசியிருக்க மாட்டார்கள். மரம் தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கிற முதல் இடங்களில் அதுவும் ஒன்று.

தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் பாதிப் பேர் அதைத் தப்பாகச் செய்கிறார்கள். அலைச் சத்தமும் ஐஸ் உடைக்கிற சத்தமும் கேட்கிற இடத்தில் நின்றுகொண்டு நாலு தட்டு தட்டினால் ஒன்றும் தெரியாது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் போய், சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால், நல்ல இடம் என்று உறுதியாகத் தெரிந்த பகுதியில் முதலில் தட்டிக் காதைப் பழக்கிக்கொள்ளுங்கள். அங்கே 'டக் டக்' என்று கணீரென்று கேட்பது, மக்கிய இடத்திலும் தோலும் மரமும் விட்டுப்போன இடத்திலும் 'பொத் பொத்' என்று அமுங்கும். ஒன்றை மறக்காதீர்கள்: நனைந்து இன்னும் மக்காத மரம் நல்ல மரம் மாதிரியேதான் சத்தம் கொடுக்கும். சத்தம் நன்றாக இருக்கிறது என்பதால் உள்ளே காய்ந்திருக்கிறது என்று அர்த்தமில்லை.

அதற்காக ஈரம் பார்க்கிற மீட்டர் வாங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். சுவருக்கும் மரத்துக்கும் செய்த மீட்டர் அது, ஃபைபர் மேல் வைத்தால் அது காட்டும் சதவீதத்துக்குப் பொருளே இல்லை. மேலே உப்புப் படிந்திருந்தாலும், முந்தின நாள் மழை பெய்திருந்தாலும், அடியில் செம்பு கலந்த பெயிண்ட் அடித்திருந்தாலும் எண் எகிறும். நல்ல தண்ணீரில் கழுவி, சில நாள் கரையில் காயவிட்டு, அதே படகின் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அந்தக் கருவியால் ஏதாவது பிரயோஜனம்.

ஆனால் அடிப்பாகத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும், தண்ணீரிலிருந்து ஏற்றிய அன்றே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் காயக் காயக் கொப்புளம் அமுங்கிக் காணாமல் போய்விடும். உடைத்துப் பார்த்தால் உள்ளிருந்து காடி வாடையோடு தண்ணீர் பீச்சும், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து கொப்புளம் இருந்தால் படகை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, விலையைக் குறைத்துக் கேட்டால் போதும். அதைக் கண்டு பயப்படுகிற ஆட்களே பின்பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

பின்பலகைக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மோட்டார் மாட்டியிருக்கும்போதே அதன் அடித்தண்டைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தி ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் பலகையைப் பாருங்கள், மோட்டாரைப் பார்க்காதீர்கள். பலகை அசைந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். அசையவில்லை என்றால் கீழே இருக்கும் போல்ட் ஒன்றைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். ஓட்டைக்குள் வளைந்த கம்பியை விட்டுச் சுரண்டினால், வெளிறிய காய்ந்த தூள் வருகிறதா, நனைந்த புகையிலை மாதிரிக் கறுப்பாக வருகிறதா என்று தெரிந்துவிடும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் நான் படகு வாங்க மாட்டேன்.

என் மச்சானுக்காக நாகப்பட்டினம் பக்கம் ஒரு படகு பார்க்கப் போயிருந்தோம். பார்வைக்கு அருமையான படகு. போல்ட்டை உருவியதும் பழுப்புத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. "நேற்று மழை சார்" என்றார் உரிமையாளர். படகு கீற்றுக் கொட்டகைக்குள் நின்றது. நாங்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் சொட்டிக்கொண்டேதான் இருந்தது.

எடையை யாரும் கேட்பதே இல்லை. மேல்தட்டுக்கு அடியில் மிதப்புக்காக அடைத்திருக்கும் பழைய ஃபோம் தண்ணீரை உறிஞ்சினால் லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் படகு கனக்கும், 100 லிட்டர் என்றால் 100 கிலோவைத் தினமும் சும்மா சுமந்து டீசல் எரிப்பீர்கள். தராசு தேவையில்லை. அந்தப் படகைத் தள்ளிக் கரையேற்றுகிற ஆட்களிடம், முன்பு எத்தனை பேர் தள்ளினீர்கள், இப்போது எத்தனை பேர் என்று விசாரியுங்கள். தண்ணீரில் நின்றால் பாசிக் கோட்டைப் பாருங்கள், சரக்கு இல்லாமலே பின்பக்கம் அமுங்கி நிற்கிறதா என்று. 2004 சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாகக் கட்டிய படகுகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன, அதனால் கட்டிய வருஷத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மக்கிய பின்பலகை என்றால் படகே போச்சு என்று இல்லை. உள்பக்கத் தோலை வெட்டியெடுத்து, மக்கிய மரம் முழுவதையும் சுரண்டி, காயவிட்டு, புது மரைன் பிளைவுட் வைத்து மூடினால் இன்னும் பல வருஷம் ஓடும். அந்த வேலைக்கு என்ன ஆகும் என்று படகு கட்டுகிறவரிடம் முதலில் கேட்டுவிட்டு, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். "மேலே ரெண்டு மேட் (ஃபைபர் இழை விரிப்பு) ஒட்டினா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். ஈர மரத்தில் ரெசின் பிடிக்காது, ஒட்டின மேட் சீக்கிரமே தோலாக உரிந்து வரும்.